சதுரங்கக் கட்டங்களாகப் பிரிந்த காடு: அமெரிக்க மேற்கில் நில விற்பனையும் நிலப் பரிமாற்றமும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மத்திய அரசுக்குச் சொந்தமான நிலத்தில் சுமார் 22 லட்சம் முதல் 33 லட்சம் ஏக்கர் வரை விற்றுவிட வேண்டும் என்ற யோசனை, 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நாட்டின் செனட் சபையில் முன்வைக்கப்பட்டு, அதே மாத இறுதிக்குள் கைவிடப்பட்டது. அதனை முன்வைத்தவர் யூட்டா மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் மைக் லீ. வீட்டு வசதிப் பற்றாக்குறையைத் தீர்க்கவே இந்த விற்பனை என்று அவர் கூறியிருந்தார். ஆனால் தேசிய வனங்களும் அந்தப் பட்டியலுக்குள் வரக்கூடும் என்று தெரியவந்ததும் எதிர்ப்பு கிளம்பியது.

எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் சுற்றுச்சூழல் இயக்கத்தினர் மட்டுமல்லர் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. குடியரசுக் கட்சிக்கு வழக்கமாக வாக்களிக்கும் வேட்டைக்காரர்களும், தூண்டில் போடுபவர்களும், மொன்டானா, ஐடஹோ மாநிலங்களின் அக்கட்சி உறுப்பினர்களுமே அதற்கு முட்டுக்கட்டை போட்டனர். வரவுசெலவு மசோதாவில் இந்தப் பிரிவு இடம்பெற முடியாது என்று செனட்டின் விதிமுறை ஆலோசகரும் தீர்ப்பளித்தார். யோசனையைச் சுருக்கி, வனங்களை நீக்கி, ஊர்களுக்கு ஐந்து மைல் சுற்றளவில் உள்ள நிலங்கள் மட்டும் என்று லீ திருத்தியும் பலனில்லை. ஜூன் 28ஆம் தேதி அவர் அதனை விலக்கிக்கொண்டார்.

பொது நிலத்தை விற்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி வந்தவர் தோற்றுப்போனார். ஆனால் அதே நிலம் விற்பனை என்ற சொல்லே இல்லாமல் கைமாறும் வழிகள் அந்நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. அவற்றுள் முதன்மையானது நிலப் பரிமாற்றம்: அரசு ஒரு துண்டுக் காட்டைத் தனியாருக்குக் கொடுத்து, தனியாரிடமிருந்து வேறொரு துண்டைப் பெற்றுக்கொள்வது. இதில் மக்கள் எதைப் பெறுகிறார்கள், எதை இழக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ 160 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

ரயில் பாதைக்குக் கிடைத்த சன்மானம்

சியாட்டில் நகரிலிருந்து 90ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால் காஸ்கேட் மலைத்தொடரின் ஸ்னோகுவால்மி கணவாய் வரும். அந்நகரின் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் தமிழர்கள் பலருக்கு இது பழகிய வார இறுதிப் பயணம்தான். சாலையிலிருந்து பார்க்கும்போது எங்கும் காடாகத் தெரியும் இந்த மலைகளைப் பனிக்காலத்தில் விமானத்திலிருந்து பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். கரும்பச்சை நிறத்தில் ஒரு சதுரம், அதையடுத்து வெண்மையாக ஒரு சதுரம், மீண்டும் கரும்பச்சை. இயற்கை இப்படிக் கோடு கிழிப்பதில்லை.

கோடு கிழித்தது அமெரிக்க காங்கிரஸ். 1864ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், நார்தர்ன் பசிபிக் ரயில்வே நிறுவனத்துக்கு நில மானியம் வழங்கும் சட்டத்தில் அதிபர் லிங்கன் கையெழுத்திட்டார். சுப்பீரியர் ஏரியிலிருந்து பசிபிக் கரை வரையில் பாதை அமைக்க அந்நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க அரசிடம் வழியில்லை, நிலம் இருந்தது. அந்த நிலம் பூர்வகுடி மக்களுடையது என்பதும், பல இடங்களில் உடன்படிக்கை மூலமும் படைபலம் மூலமும் அவர்களிடமிருந்து பெறப்பட்டது என்பதும் தனிக் கதை. நிலம் முழுவதும் ஒரு மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் கொண்ட, அதாவது 640 ஏக்கர் பரப்புள்ள, சதுரங்களாக அளக்கப்பட்டு எண்ணிடப்பட்டிருந்தது. பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை எண் கொண்ட சதுரங்கள் ரயில் நிறுவனத்துக்கு, இரட்டைப்படை எண் கொண்டவை அரசுக்கு. இந்தக் கணக்கில் அந்த ஒரே நிறுவனத்துக்கு ஏறத்தாழ 4 கோடி ஏக்கர் சேர வேண்டியிருந்தது.

ரயில் வந்தால் எஞ்சிய பாதி நிலத்தின் விலை இரட்டிப்பாகும், ஆகவே அரசுக்கு நட்டமில்லை என்பதே இதன் பின்னிருந்த வாதம். சமவெளிகளில் அது ஓரளவு பலித்தது. குடியேறியவர்கள் இரு வகைச் சதுரங்களையும் வாங்கிப் பயிர் செய்தனர். செங்குத்தான மலைக்காடுகளில் யாரும் ஏர் பூட்ட வரவில்லை. அங்கே இரட்டைப்படைச் சதுரங்கள் அரசிடமே தங்கி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காப்புக்காடுகளாகி, பிறகு தேசிய வனங்களாயின. ஒற்றைப்படைச் சதுரங்கள் மர நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தன. 1900ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் வேயர்ஹவுசர் என்ற மர வணிகர், வாஷிங்டன் மாநிலத்தில் 9 லட்சம் ஏக்கர் காட்டை ஏக்கர் 6 டாலர் என்ற விலையில் நார்தர்ன் பசிபிக்கிடமிருந்து வாங்கினார். விற்ற ரயில் அதிபர் ஜேம்ஸ் ஹில், செயின்ட் பால் நகரில் அவருடைய அண்டை வீட்டுக்காரர். மீதமிருந்த ரயில்வே காடுகளின் பெரும்பகுதி, 1989இல் தனி அமைப்பாகப் பிரிக்கப்பட்ட பிளம் கிரீக் நிறுவனத்திடம் வந்தது. அந்த பிளம் கிரீக் 2016இல் வேயர்ஹவுசருடன் இணைந்தது. அமெரிக்காவின் 500 பெரும் நிறுவனங்களின் பங்குக் குறியீட்டில் வேயர்ஹவுசரும் ஒன்று. அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஓய்வூதிய நிதியில் பணம் போடும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலேயே, அந்தக் காட்டின் மிகச் சிறிய பங்குக்கு உரிமையாளர்கள்.

மானியத்தைத் திரும்பப் பெறவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. ஓரிகன் மாநிலத்தில் மற்றொரு ரயில் நிறுவனத்துக்கு, உண்மையான குடியேறிகளுக்கு மட்டுமே, ஒருவருக்கு 160 ஏக்கருக்கு மேற்படாமல், ஏக்கர் 2.50 டாலருக்கு மிகாமல் விற்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் நிலம் கொடுக்கப்பட்டது. நிறுவனம் நிபந்தனையை மீறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற பின், 1916இல் காங்கிரஸ் 20 லட்சத்துக்கும் அதிகமான ஏக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கும் சதுரங்கப் பலகை மறையவில்லை. கட்டங்களின் உடைமை மட்டுமே மாறியது.

ஏக்கருக்கு ஏக்கர் அல்ல

இவ்வாறு சிதறிய காட்டை நிர்வகிப்பது எவருக்கும் இலகுவல்ல. அரசின் சதுரத்தில் ஆந்தையைப் பாதுகாத்தால், அடுத்த சதுரத்தில் மரங்கள் அடியோடு வெட்டப்படுகின்றன. தன் சதுரத்துக்குச் சாலை போட நிறுவனத்துக்கு அரசின் சதுரத்தைக் கடக்க வேண்டும். அரசுக்கும் அதே நிலை. எனவே, பரிமாற்றம் செய்து இருவரும் தத்தம் நிலங்களை ஒருசேர அமைத்துக்கொள்வது நியாயமானதாகவே தோன்றும். 1922ஆம் ஆண்டின் சட்டம் இதற்கு வனத்துறைக்கு அதிகாரம் அளித்தது. 1976ஆம் ஆண்டின் நிலக் கொள்கைச் சட்டம் இரண்டு நிபந்தனைகளை வலியுறுத்தியது: பரிமாறப்படும் நிலங்கள் சம மதிப்புடையவையாக இருக்க வேண்டும், பரிமாற்றம் பொது நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். மதிப்பில் வேறுபாடு இருந்தால், ஒரு வரம்புக்குள் ரொக்கம் கொடுத்துச் சரிக்கட்டலாம்.

சம மதிப்பு என்ற சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. சட்டம் கேட்பது சம பரப்பை அல்ல. முந்நூறு ஆண்டு மரங்கள் நிற்கும் ஓர் ஏக்கரும், மொட்டையடிக்கப்பட்ட பல ஏக்கரும் சந்தையில் ஒரே விலை பெறலாம். மரத்தை வெட்டி விற்று லாபம் பார்த்த நிறுவனம், வெறும் அடிக்கட்டைகள் நிற்கும் நிலத்தை அரசிடம் தந்து, இன்னும் வெட்டப்படாத காட்டைப் பெற முடியும். ஏக்கர் கணக்கில் பார்த்தால் மக்களுக்கு லாபம் போலவே தோன்றும். செய்திக் குறிப்பில் இடம்பெறுவதும் அந்த ஏக்கர் கணக்குதான்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, வாஷிங்டன் மாநிலத்தில் வேயர்ஹவுசரும் வனத்துறையும் செய்துகொண்ட ஹக்கிள்பெரி பரிமாற்றம். நிறுவனம் கொடுத்தது 30,253 ஏக்கர். பெற்றது 4,362 ஏக்கர். ஒன்றுக்கு ஏழு என்பது அரசு அடித்த பேரமாகத் தோன்றியது. ஆனால் கொடுக்கப்பட்டதில் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்ட நிலம். பெறப்பட்டதில் நல்ல மரங்கள் இருந்தன. மக்கல்ஷூட் பூர்வகுடியினரின் முன்னோர்கள் மலையைக் கடக்கப் பயன்படுத்திய ஹக்கிள்பெரி பாதையின் சிதையாத பகுதிகளும் இருந்தன. பாதையைப் படம் பிடித்து வரைபடத்தில் பதிந்துவிட்டால் போதும் என்று வனத்துறை கருதியது. போதாது என்றது ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 1999ஆம் ஆண்டில். அந்த நிலங்களைப் பரிமாற்றமின்றிப் பணம் கொடுத்து வாங்குவது போன்ற மாற்று வழிகளை வனத்துறை ஆராயவில்லை என்றும் நீதிபதிகள் குறை கூறினர். ஆயினும் தீர்ப்பு வருவதற்குள் நிறுவனம் தான் பெற்ற நிலத்தின் ஒரு பகுதியில் மரங்களை வெட்டிவிட்டிருந்தது. நில ஆவணத்தைத் தீர்ப்பின் மூலம் திருத்தலாம். வெட்டிய மரத்தை மீண்டும் நிறுத்த முடியாது. இவ்வகை வழக்குகள் எல்லாவற்றிலும் காலம் நிறுவனத்தின் பக்கமே இருப்பதற்கு இதுவே காரணம்.

அதே ஆண்டில் அதே மாநிலத்தில் மற்றொரு பரிமாற்றமும் சர்ச்சைக்குள்ளானது. 90ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய தன் சதுரங்களைக் கொடுத்து, வேறு இடங்களில் உள்ள தேசிய வனங்களைப் பெற பிளம் கிரீக் நிறுவனம் ஒப்பந்தம் செய்திருந்தது. கணவாய்ப் பகுதியின் காடுகள் காப்பாற்றப்படும் என்பதால் சியாட்டில் நகரின் சூழல் அமைப்புகள் சில அதனை வரவேற்றன. விலையாகப் போகவிருந்தவற்றுள் ஒன்று, தெற்கே ராண்டில் என்ற சிற்றூருக்கு மேலே நிற்கும் வாட்ச் மவுன்டன். ராண்டில் மரவெட்டுத் தொழிலில் வாழ்ந்த ஊர். சூழல் ஆர்வலர்களை விருந்தாளிகளாக ஏற்கும் ஊரன்று. ஆனால், தங்கள் தலைக்கு மேலுள்ள செங்குத்துச் சரிவு மொட்டையடிக்கப்பட்டால் மண் சரியும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. 1999ஆம் ஆண்டு கோடையில் மரங்களின் மேல் ஏறி அமர்ந்து போராடிய இளைஞர்களுக்கு அந்த ஊர்க்காரர்களே உணவு கொண்டுபோய்க் கொடுத்தனர். ஆண்டிறுதியில் வாட்ச் மவுன்டன் ஒப்பந்தத்திலிருந்து நீக்கப்பட்டது. நகரத்தார் நடை போகும் காட்டைக் காப்பாற்ற, கிராமத்தார் தலைக்கு மேலுள்ள காட்டை விலையாகக் கொடுப்பதா என்ற கேள்வியை அந்தச் சம்பவம் எழுப்பியது.

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் இத்தகைய பரிமாற்றங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் கண்ட ஒரு சம்பவம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நெவாடா மாநிலத்தில் அரசிடமிருந்து 7,63,000 டாலர் மதிப்பில் 70 ஏக்கர் பெற்ற ஒருவர், அதே நாளில் அதை 46 லட்சம் டாலருக்கு விற்றார். நிலத்தின் விலையைச் சந்தை நிர்ணயிக்காமல் மதிப்பீட்டாளர் நிர்ணயிக்கும்போது இப்படித்தான் நடக்கும் என்றும், பரிமாற்றத் திட்டங்களையே நிறுத்திவிடுவது பற்றிக் காங்கிரஸ் சிந்திக்கலாம் என்றும் அந்த அலுவலகம் கூறியது. தணிக்கையாளர்கள் இவ்வளவு தூரம் சொல்வது அரிது. காங்கிரஸ் நிறுத்தவில்லை.

மொன்டானா மாநிலத்தின் கதை இன்னும் சுவையானது. 1992இல் கேலட்டின் மலைப் பகுதியில் பிளம் கிரீக்கிடமிருந்து 1,60,000 ஏக்கருக்கும் அதிகமான சதுரங்கக் கட்ட நிலங்களை டிம் பிளிக்ஸெத் என்ற மர வணிகரும் கூட்டாளிகளும் வாங்கினர். அவற்றில் வனவிலங்குகளுக்கு முக்கியமான பகுதிகளை அரசுக்குக் கொடுத்து, ஈடாக நிலமும் மரமும் பெறும் சட்டங்கள் 1993இலும் 1998இலும் நிறைவேறின. அரசுக்குக் கிடைத்தவை உண்மையிலேயே அரிய நிலங்கள் என்பதை மறுக்க முடியாது. யெல்லோஸ்டோன் பூங்காவை ஒட்டிய வனப்பகுதி அதனால் ஒன்றிணைந்தது. மறுபுறத்தில், பிக் ஸ்கை அருகே பிளிக்ஸெத் வசம் திரண்ட நிலத்தில் எழுந்தது யெல்லோஸ்டோன் கிளப்: பெருஞ்செல்வந்தர்கள் மட்டும் உறுப்பினராகக்கூடிய தனியார் பனிச்சறுக்கு மலை.

அந்த கிளப்பின் பெயர் அண்மையில் மீண்டும் அடிபட்டது. அதே மாநிலத்தின் கிரேஸி மலைத்தொடரில், சுமார் 3,850 ஏக்கர் பொது நிலத்தைக் கொடுத்துச் சுமார் 6,100 ஏக்கர் தனியார் நிலத்தைப் பெறும் பரிமாற்றத்துக்கு வனத்துறை 2025 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. பண்ணை உரிமையாளர்களுடன் யெல்லோஸ்டோன் கிளப்பும் இதில் ஒரு தரப்பு. அப்சரோகா என்றும் க்ரோ என்றும் அழைக்கப்படும் பூர்வகுடியினருக்கு இது புனித மலை. சிதறிய நிலம் ஒன்றாகிறது, புதிய நடைபாதை கிடைக்கிறது என்பது ஆதரிப்போர் வாதம். மான்கள் மேயும் தாழ்வான சரிவுகள் தனியாரிடம் போகின்றன, மக்களுக்கு மிஞ்சுவது பாறையும் பனியுமான உயரங்கள் என்பது எதிர்ப்போர் வாதம். நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் இரண்டுமே உண்மை என்றுதான் தோன்றுகிறது. ஏக்கருக்கு எண் உண்டு; மான் மேயும் சரிவுக்குப் பத்திரத்தில் இடமில்லை.

மீட்புத் தொகை

பரிமாற்றத்துக்கு அரசிடம் ஏற்ற நிலம் இல்லாதபோது, அல்லது இருந்தும் யாரும் ஒப்பாதபோது, பணம் கொடுத்து வாங்க நேர்கிறது. கலிஃபோர்னியாவின் வடகோடியில் ஹம்போல்ட் கவுண்டியில் நடந்தது அதுதான்.

பசிபிக் லம்பர் என்ற பழைய நிறுவனம் அங்கே சுமார் இரண்டு லட்சம் ஏக்கர் ரெட்வுட் காட்டை வைத்திருந்தது. உலகிலேயே மிக உயரமாக வளரும் மர இனம் இது. அந்நிறுவனம் தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டி, காட்டைத் தொடர்ந்து நிற்கவைத்து, தலைமுறைகளாகத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுத்து வந்தது. கடனும் குறைவு. பங்குச் சந்தையின் பார்வையில் இது கையிருப்பை முடக்கி வைத்திருக்கும் நிறுவனம். 1985-86இல் டெக்சாஸைச் சேர்ந்த சார்லஸ் ஹர்விட்ஸின் மக்ஸாம் நிறுவனம், அதிக வட்டிக் கடன் பத்திரங்கள் மூலம் பணம் திரட்டி அதனைக் கைப்பற்றியது. கடனை அடைக்க வெட்டு இரட்டிப்புக்கும் மேலானது. தொழிலாளர்களின் ஓய்வூதியத் திட்டம் கலைக்கப்பட்டு ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் காப்பீட்டு நிறுவனம் 1991இல் நொடித்துப்போனது.

அதன் பிறகு நடந்த போராட்டங்கள் உலகச் செய்தியாயின. ஜூலியா பட்டர்ஃபிளை ஹில் என்ற இளம்பெண் 1997 டிசம்பர் முதல் 738 நாட்கள் ஒரே ரெட்வுட் மரத்தின் மேல் வாழ்ந்தார். 1998 செப்டம்பரில் வெட்டி வீழ்த்தப்பட்ட மரத்தின் கீழ் சிக்கி ஒரு போராட்டக்காரர் உயிரிழந்தார். கடைசியில் 1999 மார்ச் 1ஆம் தேதி மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து, ஹெட்வாட்டர்ஸ் வனத்தின் சுமார் 7,500 ஏக்கருக்கு 38 கோடி டாலர் கொடுத்தன. அதையடுத்த தோப்புகளுக்கு மாநிலம் ஒதுக்கிய தொகையையும் சேர்த்தால் 48 கோடி. முழு நிறுவனத்தையும் வாங்க மக்ஸாம் செலவிட்ட தொகை 90 கோடியை ஒட்டியது என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அழிந்துவரும் பறவையினம் வாழும் அந்த மரங்களை வெட்டச் சட்டமே தடையாக இருந்தபோது, வெட்ட முடியாத மரத்துக்கு வெட்டும் விலை கொடுப்பது ஏன் என்ற கேள்வியை அன்றே பலர் எழுப்பினர். தடை நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம் என்ற அச்சமே அதற்குப் பதிலாக இருந்தது.

விற்ற பிறகும் பசிபிக் லம்பர் மீளவில்லை. 2007 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. 2008இல் அதன் நிலங்கள் ஹம்போல்ட் ரெட்வுட் என்ற புதிய நிறுவனத்திடம் சென்றன. ஆடை வணிகத்தில் பெயர்பெற்ற ஃபிஷர் குடும்பத்தினரின் முதலீட்டில் இயங்கும் இந்நிறுவனம், தொன்மையான மரங்களை வெட்டுவதில்லை என்ற கொள்கையை அறிவித்தது. தனியார் உடைமை என்பதே காட்டுக்குப் பகை என்று முடிவு கட்டுவோர் இதனையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே காடு, ஒரே தனியார் உடைமை. உரிமையாளரின் கடன் சுமை மாறியபோது வெட்டும் அளவும் மாறியது.

பள்ளிக்கூடம் நடத்த மரம்

மரவெட்டை ஆதரிக்கும் ஊர்களின் குரலை நகரத்து ஊடகங்கள் பெரும்பாலும் பேராசையின் குரலாகவே காட்டுகின்றன. அது நியாயமன்று. தேசிய வனங்களுக்கு உள்ளூர் அமைப்புகள் சொத்து வரி விதிக்க முடியாது. அதற்கு ஈடாக, வனத்தின் வருமானத்தில் 25 விழுக்காட்டைப் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் அளிக்க 1908ஆம் ஆண்டின் சட்டம் வகை செய்தது. அதாவது, மரம் விழுந்தால்தான் ஆசிரியருக்குச் சம்பளம். 1980களின் பிற்பகுதியில் தேசிய வனங்களிலிருந்து ஆண்டுக்கு 1,200 கோடி போர்டு அடி மரம் வெட்டப்பட்டது. (ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலத் தடிமன் கொண்ட பலகை ஒரு போர்டு அடி.) 1990இல் புள்ளி ஆந்தை அழிந்துவரும் இனங்களின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது, 1994இல் வடமேற்கு வனத் திட்டம் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் நாடு முழுவதுமான வெட்டு சுமார் 200 கோடி போர்டு அடியாகச் சுருங்கியது. ஆலைகள் மூடப்பட்டதற்கு இயந்திரமயமும், அறுக்கப்படாத மரத்தின் ஏற்றுமதியும் காரணங்களே. ஆனால் பள்ளியின் வருமானம் வற்றியதற்கு வனத்தின் கதவு மூடியதே நேரடிக் காரணம்.

இழப்பை ஈடுகட்ட 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அது காலாவதியாகும் நிலையில், 2006 பிப்ரவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் அரசு ஒரு யோசனை சொன்னது: தேசிய வனங்களில் தனித்துக் கிடக்கும் 3 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை விற்று, 80 கோடி டாலர் திரட்டி, கிராமப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். இரு கட்சியினரும் அதனை நிராகரித்தனர். வீட்டுச் செலவுக்காக வயலை விற்பவரைப் பார்த்து ஊர் சொல்வதைத்தான் காங்கிரஸும் சொன்னது. அதன் பின் அந்த நிவாரணச் சட்டம் பலமுறை காலாவதியாவதும், தற்காலிகமாக நீட்டிக்கப்படுவதுமாக இருந்து வந்திருக்கிறது.

ஓரிகன் மாநிலத்தின் எலியட் வனம் இந்த முடிச்சை இன்னும் இறுக்கமாகக் காட்டுகிறது. பள்ளிகளுக்கென்று மாநிலத்துக்குக் கிடைத்த சிதறிய நிலங்களை மத்திய அரசுடன் பரிமாற்றம் செய்துகொண்டு, 1930இல் ஒரே தொகுதியாக உருவாக்கப்பட்ட மாநில வனம் அது. அதன் வருமானம் சட்டப்படி பள்ளிக் கல்வி நிதிக்கே உரியது. கடற்பறவை ஒன்றின் கூடுகளைக் காக்கக் கோரிய வழக்கால் வெட்டு சுருங்கி, வனம் நட்டக் கணக்குக் காட்டத் தொடங்கியபோது, நிதிக்குப் பொறுப்பான மாநில நில வாரியம் விற்க முற்பட்டது. 82,500 ஏக்கருக்கு 22 கோடியே 8 லட்சம் டாலர் விலை நிர்ணயிக்கப்பட்டது. வந்தது ஒரே விண்ணப்பம்: ஒரு மர நிறுவனமும், கௌ கிரீக் என்ற பூர்வகுடி அமைப்பும் கூட்டாக. 2017 பிப்ரவரியில் வாரியம் இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் விற்பனையை ஏற்றது. எதிர்த்து வாக்களித்தவர் ஆளுநர் கேட் பிரௌன். மக்கள் கொதித்தெழ, மே மாதத்தில் அதே வாரியம் முடிவைத் திரும்பப் பெற்றது. பின்னர் மாநிலம் கடன் பத்திரம் மூலம் 10 கோடி டாலரும், 2022இல் மேலும் 12 கோடியே 10 லட்சம் டாலரும் பள்ளி நிதிக்குச் செலுத்தி வனத்தை விடுவித்தது. ஆக, தமக்கே சொந்தமான காட்டை ஓரிகன் மக்கள் தாமே விலை கொடுத்து வாங்கினர். இதில் யாரும் பேசாமல் விட்ட ஒரு தரப்பும் உண்டு. இழந்த மண்ணில் ஒரு பகுதியையாவது கூட்டாளியாக மீட்கலாம் என்று வந்த பூர்வகுடியினருக்கு, பொதுமக்களின் வெற்றி தோல்வியாகவே முடிந்தது.

வாங்கிச் சேர்ப்பதும் வெட்டச் சொல்வதும்

பரிமாற்றத்தின் மேல் நம்பிக்கை குறைந்த பிறகு, தொண்டு அமைப்புகள் நேரடியாக வாங்கும் வழி வலுப்பெற்றது. 2008இல் மொன்டானாவில் பிளம் கிரீக்கின் சுமார் 3,10,000 ஏக்கரை 49 கோடி டாலருக்கு வாங்க நேச்சர் கன்சர்வன்சி உள்ளிட்ட இரு அமைப்புகள் ஒப்பந்தம் செய்தன. அதில் பாதிக்கு மேல் மத்திய அரசின் வரிச்சலுகைக் கடன் பத்திரங்கள் மூலம் வந்தது. 2014-15இல் மொன்டானாவிலும், முன்பு சொன்ன ஸ்னோகுவால்மி கணவாயின் கிழக்குச் சரிவிலும் சேர்த்து மேலும் 1,65,000 ஏக்கர் வாங்கப்பட்டது. 1864இல் இலவசமாகக் கொடுத்ததை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் சந்தை விலையில் திரும்ப வாங்குவது கசப்பானதுதான். ஆயினும் விலை வெளிப்படையாகத் தெரிகிறது. யார் தலைக்கு மேலுள்ள மலையும் ஈடாகப் போவதில்லை.

இதற்கிடையே, 2025இல் விற்பனை யோசனை தோற்றபோதும், வெட்டைப் பெருக்கும் முயற்சி தோற்கவில்லை. மார்ச் 1ஆம் தேதி அதிபர் டிரம்ப் மர உற்பத்தியை உடனடியாகப் பெருக்க ஆணையிட்டார். ஏப்ரலில் வேளாண் அமைச்சர் புரூக் ரோலின்ஸ், தேசிய வனங்களின் மொத்தப் பரப்பான 19 கோடியே 30 லட்சம் ஏக்கரில் 11 கோடியே 20 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பகுதியில் அவசர நிலை அறிவித்தார். காட்டுத் தீயும் பூச்சித் தாக்குதலும் காரணமாகக் கூறப்பட்டன. ஜூன் மாதம், 5 கோடியே 85 லட்சம் ஏக்கர் வனத்தில் சாலை அமைப்பதைத் தடுக்கும் 2001ஆம் ஆண்டின் விதியை நீக்கப்போவதாக அவரே அறிவித்தார். ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான வரவுசெலவுச் சட்டம், தேசிய வனங்களின் மர விற்பனையை 2034 வரை ஆண்டுக்கு ஆண்டு 25 கோடி போர்டு அடி வீதம் உயர்த்தும்படி கட்டளையிடுகிறது. அதே சட்டத்தின் முந்தைய வரைவில்தான் லீயின் விற்பனைப் பிரிவு இருந்தது. நிலத்தை விற்காதே என்று திரண்டவர்களில் எத்தனை பேர் மரத்தை விற்பதையும் எதிர்த்தார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வி. வேட்டைக்காரருக்கு வேண்டியது காட்டுக்குள் நுழையும் உரிமை. அடர்ந்த காட்டை ஓரளவு வெட்டித் திறந்துவிட்டால் மான் பெருகும் என்று நம்புவோரும் அவர்களில் உண்டு.

நுழையும் உரிமை பற்றிய வழக்கு ஒன்று அதே ஆண்டில் முடிவுக்கு வந்தது. சதுரங்கப் பலகையில் இரு கரும்பச்சைக் கட்டங்கள் ஒரு மூலையில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. அந்த மூலைப் புள்ளியில் ஒரு பொதுச் சதுரத்திலிருந்து மற்றொரு பொதுச் சதுரத்துக்குத் தாண்டினால், உடல் ஒரு கணம் தனியார் நிலத்தின் மேலுள்ள காற்றில் இருக்கும். வயோமிங் மாநிலத்தின் எல்க் மலையில் நான்கு வேட்டைக்காரர்கள், அந்த மூலையில் சிறு ஏணியொன்றை நிறுத்தி, மண்ணைத் தொடாமல் தாண்டினர். பண்ணையின் உரிமையாளர் அத்துமீறல் என்று வழக்குத் தொடர்ந்தார். தாண்டியது குற்றமல்ல என்று பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. மேற்கு மாநிலங்களில் இவ்வாறு மூலையால் மட்டுமே எட்டக்கூடிய பொது நிலம் 83 லட்சம் ஏக்கர் என்று நிலப்பட நிறுவனம் ஒன்று 2022இல் கணக்கிட்டது.

பத்தாவது வட்டத்தின் தீர்ப்பு வயோமிங், யூட்டா, கொலராடோ உள்ளிட்ட ஆறு மாநிலங்களைக் கட்டுப்படுத்தும். கிரேஸி மலைகள் நிற்கும் மொன்டானாவும், ராண்டில் இருக்கும் வாஷிங்டனும், எலியட் வனம் இருக்கும் ஓரிகனும் ஒன்பதாவது வட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே ஏணியுடன் செல்பவரை அந்தத் தீர்ப்பு காப்பாற்றாது.